போட்டிக்கு முந்தைய நாள்

கேள்வி: நாய்களுக்கான தடைதாண்டும் போட்டிக்கு முந்தைய நாள், நாய்க்கு எவ்வளவு பயிற்சி தர வேண்டும்?

பதில்: அன்று பயிற்சி தேவைப்படுவது நாய்க்கு அல்ல, அதை நடத்திச் செல்பவருக்கே. 1978-இல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் பந்தயத்தை முன்மாதிரியாகக் கொண்டு அரங்கேறிய இவ்விளையாட்டு ‘அஜிலிட்டி’ எனப்படுகிறது. தடைகளின் வரிசை போட்டியன்றுதான் தெரியவரும் என்பதால், முந்தைய நாள் மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. கற்றதை நம்புவதே எஞ்சியிருக்கும் வேலை. ஆகவே நாய்க்கு நிதானமான நடையும் வழக்கமான உணவும் போதும். கடும் பயிற்சி தசைகளைச் சோர்வடையச் செய்யும், புதிய தின்பண்டம் வயிற்றைக் கெடுக்கக்கூடும். நகம் வெட்டுவதைச் சில நாள் முன்பே முடித்துவிட்டு, அன்று பாதங்களை மட்டும் ஏந்தி, விரலிடுக்கில் முள்ளோ வெடிப்போ உண்டா எனப் பார்ப்பது நலம். தண்ணீர், கழுத்துவார், தடுப்பூசிச் சான்று, வழுக்காத காலணி ஆகியவற்றை மாலையிலேயே எடுத்து வைப்பவர், விடியற்காலைப் பதற்றத்தைத் தவிர்க்கிறார். களத்தில் நாயைத் தொடாமல், குரலாலும் உடலசைவாலும் மட்டுமே வழிகாட்ட வேண்டியிருப்பதால், அவருடைய பதற்றம் நாயின் ஓட்டத்திலும் தெரிந்துவிடும். நாய் எப்படியும் உறங்கிவிடும். விளக்கை அணைக்க வேண்டியவர் மனிதரே.