ஆள் கணக்கு

கிள்ளானுக்கு அருகே நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பத்து ஆண்டுக்கு ஒருமுறை அல்ல, தினமும் விடிவதற்குள் நடந்தது. பெரட்டு என்போம். மணி அடித்ததும் லயத்து ஆட்கள் வந்து வரிசையில் நிற்க வேண்டும். கங்காணி பேர் கூப்பிடுவார், கிராணி செக்ரோலில் கோடு போடுவார். ஒரு தலை குறைந்தாலும் கங்காணி வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். பாசம் என்று நினைத்துவிட வேண்டாம். தாத்தா காலத்தில் வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. காசு நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை.

பிறக்கப்போகிறவர்களின் கணக்கு ஆயாக் கொட்டகையில் இருந்தது. பால்மரம் வெட்டப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளைச் சேலைத் தொட்டிலில் விட்டுப் போகும் இடம். வரிசையில் போகும் பெண்களின் நடையை ஆயா ஒரு பார்வை பார்ப்பார். "தீபாவளிக்குள்ள ஆறு தொட்டில் கூட வேணும் கிராணி ஐயா!" அந்த ஆறில் இரண்டு வீட்டுப் புருஷன்மாருக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

1957 கணக்கில் மலாயாவில் இந்தியர் சுமார் 7 லட்சம், நூற்றுக்கு 11 பேர். பிறகு துரைமார் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பால்மரத் தொழிலாளியிடம் பங்குப்பணம் திரட்டித் தோட்டம் வாங்கினார். எல்லாத் தோட்டத்தையும் வாங்க முடியுமா? 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்றார்கள். ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள், இங்கேயே பிறந்த பிள்ளைகளும் கண்ணால் பார்த்திராத ஊருக்குத் 'திரும்பி'ப் போனார்கள். எங்கள் எதிர் லயம் காலியானதில் எங்களுக்குப் பந்து விளையாட நல்ல இடம் கிடைத்தது.

சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று, புக்கிட் ராஜா தோட்டம் புதுநகராயிற்று. எங்கள் தோட்டமும் வேலி போட்ட வீடமைப்புப் பகுதி. லயம் இருந்த இடத்தைப் பார்க்கப் போனால் நேப்பாளக் காவலாளி அடையாள அட்டையைக் கேட்டு, எந்த வீட்டுக்கு என்கிறான். என்னத்தைச் சொல்ல?

மலேசியாவின் 2020 கணக்கெடுப்பில் இந்தியர் ஏறக்குறைய 20 லட்சம், குடிமக்களில் 6.7 விழுக்காடு. மூன்று மடங்காகப் பெருகிச் சிறுத்திருக்கிறோம். சபாவும் சரவாக்கும் சேர்ந்த கணக்குப்பா என்று மகன் திருத்துகிறான். சரிதான், ஆனால் அவன் வீட்டில் ஒரே பிள்ளை. அவன் கூட்டாளிகள் வீடுகளிலும் பெரும்பாலும் அப்படித்தான். சபாவையும் சரவாக்கையும் அதற்குப் பொறுப்பாக்க முடியாது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குப் போனால் மட்டும் இந்த விழுக்காடு நம்பும்படி இல்லை. துன் சம்பந்தன் சாலையில் எங்கும் தமிழ்தான். 2010-இல் மன்மோகன் சிங்கும் நஜிப்பும் வந்து லிட்டில் இந்தியா என்று திறந்துவைத்த இடமல்லவா! போன வாரம் இலை போட்ட தம்பி கேட்டான்:

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"கிள்ளான்."

"அது இல்லண்ணே, சொந்த ஊரு."

"அதுதான் தம்பி சொந்த ஊர். உனக்கு?"

அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம் என்றான். ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்றேன்.

"பொம்பளைங்க, வயசானவுங்க இருக்காங்கண்ணே. எங்க செட்டு ஆளுங்க பாதிப் பேரு இங்கதான். மிச்சம் சிங்கப்பூரு, துபாயி. ரசமா, மோராண்ணே?"