ஒப்பிக்கிற புள்ளைக்கு ஒரு இருமல்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. நாளைக்கு ஒப்புவித்தல் போட்டியாமே? வூடே ரெண்டுபட்டுக் கெடக்குதே! காலையில ஊறவெச்ச பாதாம். மத்தியானம் வல்லாரை மாத்திரை. சாயந்திரம் ஞாபகசக்தி வகுப்பு, அதுக்குத் தனியா பீசு. உங்கப்பன் செல்லு நிக்கறதுக்கு மூணு கால் ஸ்டாண்டு வேற வாங்கியாந்துட்டான். நீ ஒப்பிக்கப் போறது பத்தே பத்து குறள்தானே? பத்து நாத்துக் கட்டு ஏத்த டிராக்டரு கொண்டாந்த கதையா இல்ல இருக்குது!

நேத்து கண்ண மூடிகினு கடகடன்னு சொன்னியே, நடுவுல நான் "இதுக்கு இன்னா அர்த்தம்?"னு ஒரு வார்த்தை கேட்டேன். "போ தாத்தா, மொதல்லேர்ந்து சொல்லணும்"னு அழுதுட்டே. ஏர் புடிச்ச மோட்டாரு மாதிரி ஆயிட்டியேடா. மறுபடியும் தண்ணி ஊத்தினாத்தான் ஏறும்போல.

மனப்பாடம் ஆவாதுன்னு சொல்லல. உள்ள போட்டு வெச்சதை எலி கடிக்காது, செதல் அரிக்காது. அரசாங்கமே 1330 குறளையும் சொல்ற பள்ளிக்கூடத்துப் புள்ளைக்கு 15,000 ரூபா தருதே. ஆனா அங்க வரிசையா ஓட்டிட்டு எறங்கிட முடியாது. அதிகாரம் இன்னதும்பான், குறள் எண் இன்னதும்பான். அந்தக் குறளை மட்டும் கரெக்டா உருவிக் காட்டணும். உனக்குப் பத்தாவது குறள் வேணும்னா ஒம்பதைத் தாண்டித்தானே வரணும்?

செய்குத்தம்பிப் பாவலர்னு ஒருத்தர். நாஞ்சில் நாட்டுக்காரர். 1907-ல மெட்ராசு விக்டோரியா மண்டபத்துல சதாவதானம் பண்ணிக் காட்டினார். நூறு பக்கம் கவனம்! சுத்தி நின்னு கேள்வி கேப்பான், மணி அடிப்பான். எண்ணிக்கையும் தப்பக்கூடாது, பாட்டும் நிக்கக்கூடாது. உனக்கு ஒரு தாத்தா இருமினாலே நின்னுபோவுது.

உத்திரமேரூருக்கு வாரம் ரெண்டு வாட்டி போறியே, பரோட்டாக் கடை தெரியும். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரு தெரியுமா? பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு. 919-ல ஒண்ணு, 921-ல ஒண்ணு. குடவோலைத் தேர்தலை எல்லாரும் பேசுவான். எனக்குப் புடிச்ச எடம் வேற. குடத்துல பேர் போடணும்னா கால் வேலி நெலம் இருக்கணும். அரைக்கால் வேலிதான் இருக்குதா? ஒரு வேதம் தெரிஞ்சு, கூடவே ஒரு பாஷியத்தையும் வெளக்கத் தெரிஞ்சா சரி, வா. புரிஞ்சிதா? வெளக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் பாதி நெலம் தள்ளுபடி, வெறுமனே ஒப்பிக்கறவனுக்கு இல்ல. அந்தக் குடத்தாண்ட நம்ப பாட்டனுங்க எவனையும் வுட்டிருக்க மாட்டான், அது வேற பஞ்சாயத்து. ஆனா வாய் வேற வெவரம் வேறன்னு ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்னாடியே உஷாரா இருந்திருக்கான் பாரு.

சரி, மறந்துபோனா இன்னா பண்ணுவே? அதுக்கு எந்த வகுப்புலயும் பாடம் இல்லியே. கூத்துல இருக்குது. காஞ்சிபுரத்தாண்ட புஞ்சரசந்தாங்கல்ல, கட்டைக்கூத்துச் சங்கத்து ராஜகோபால் வாத்தியாருங்க கூத்துக்குன்னே குருகுலம் வெச்சிப் புள்ளைங்களைப் பழக்கினாங்க. அந்தக் காலத்துக் கூத்தாடிங்கள்ல எத்தினி பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்? ராவு பத்து மணிக்குக் கட்டையக் கட்டினா விடியறவரைக்கும் பாட்டும் வசனமும் தானா வரும். ஸ்டாண்டும் இல்ல, பாதாமும் இல்ல. சுக்குக் காப்பிதான்.

நான் எளவட்டமா இருக்கும்போது பக்கத்து ஊர்ல பாரதக் கூத்து. பதினெட்டாம் போர். விடிஞ்சா படுகளம். துரியோதனன் வேசக்காரரு மீசைய முறுக்கிகினு வந்து நின்னாரு. பாட்டு வரல. மொகவீணை ஒருவாட்டி சுத்தி வந்துது, ரெண்டாவது வாட்டியும் வந்துது. ஊஹூம். ஊரே பாக்குது. கட்டியங்காரன் ஓடியாந்து, "மகாராஜா, தொண்டையில மாட்டிகினது உங்க கதையா, பீமன் கதையா?"ன்னான். கொட்டாயி முச்சூடும் சிரிப்பு. சிரிப்பு அடங்கறதுக்குள்ள துரியோதனனுக்கு அடி ஞாபகம் வந்துட்டுது. மறந்ததை யாருமே குத்தமா நெனைக்கல. அத்தினி பேரும் அவரு பாடணும்னுதானே பனியில குந்தியிருந்தான்!

உன் போட்டியில கேக்கறதுக்கு யாருடா இருக்கான்? உங்கப்பன் உன்னைச் செல்லுலதான் பாப்பான். அடுத்த புள்ளையோட அம்மா அவ புள்ளை வரிசையத்தான் பாப்பா. நடுவருங்க கடியாரத்தைப் பாப்பாங்க.

அதனால நாளைக்கு நானும் வரேன். மொத வரிசையில குந்திக்கிறேன். எங்கிட்ட செல்லு கெடையாது, காது மட்டும்தான் இருக்குது. எங்கியாச்சும் மாட்டிகினா பதறாதே, என் பக்கம் பாரு. சபையே திரும்பிப் பாக்கறாப்பல ஒரு இருமல் இருமறேன், அதுக்குள்ள நீ அடியப் புடிச்சிக்கோ. உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லி வை, இன்னைக்கு ராவு எனக்குக் கசாயம் வேணாம்.