புல்வெட்டி வாங்கப் புறப்படும் அங் மோ கியோ வாசிக்கு

பழைய புல்வெட்டி நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து இழுத்துத் தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்ததுதான் கண்ட பலன். புதிது வாங்கியே தீருவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். நல்ல முடிவு. கடைக்குப் போகுமுன் வாசல் கதவைத் திறந்து ஒரு தடவை வெளியே பார்த்துவிடுங்கள்.

கண்ணில் படுவது நீண்ட தாழ்வாரம், எதிர்வீட்டுச் செருப்பு அலமாரி, ஒரு துளசித் தொட்டி, பத்து மாடிக்குக் கீழே கொஞ்சம் பச்சை என்றால் உங்களிடம் இருப்பது புல்வெளி அல்ல, புல்வெளியின் காட்சி. அங் மோ கியோவாசிகளில் பெரும்பாலோர் நிலை இதுதான். 1973இல் எழும்பத் தொடங்கிய வீவக நகரம் இது. கீழே உள்ள புல் நம்முடையது மாதிரிதான் தெரியும். மாதாமாதம் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். அதில் ஒரு துளி புல்லுக்கும் போகிறது. ஆனால் வெட்டும் பொறுப்பு நகர மன்றத்தினுடையது. நகர மன்றம் என்ற ஏற்பாட்டையே 1986இல் முதன்முதலாக இங்கேதான் சோதித்துப் பார்த்தார்கள், அதுவும் ஒன்றல்ல, மூன்று மன்றங்கள். ஆகவே “எங்கள் புளோக்கை நானே வெட்டிக்கொள்கிறேன்” என்று விண்ணப்பித்தால் நாற்பது ஆண்டு அனுபவமுள்ள மறுப்பு கிடைக்கும்.

இருந்தாலும் ஒரு புல்வெட்டி வீட்டில் இருக்கட்டும் என்கிறீர்களா? மனிதருக்கு ஆசை இருக்கத்தான் செய்யும். தாழ்வாரத்தில் நிறுத்துவதானால் 1.2 மீட்டர் வழி விடவேண்டும், இல்லாவிட்டால் குடிமைத் தற்காப்புப் படையின் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். மின்தூக்கியில் ஏற்றும்போது பக்கத்து வீட்டு ஆன்ட்டி “எந்த ஃபுளோர்?” என்று கேட்பார். பத்து என்று சொல்லிவிட்டு முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பழகுங்கள்.

இனி தரைவீட்டுக்காரர்கள் மட்டும் கொஞ்சம் முன்னால் வரலாம். இயோ சூ காங் சாலைப் பக்கம் ஆசிரியர் குடியிருப்பு இருக்கிறதே, சிங்கப்பூர் ஆசிரியர் சங்கம் 1960களில் தன் உறுப்பினர்களுக்காக எழுப்பியது, அங்கிருந்து தொடங்கலாம். தெருவெல்லாம் கவிஞர்கள், எழுத்தாளர்கள்: காளிதாசர், தாகூர், இக்பால், உமர் கய்யாம், லி போ, து ஃபு, முன்ஷி அப்துல்லா. கம்பர் இல்லை. அந்த மனத்தாங்கலை இன்னொரு கட்டுரைக்கு வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு முன்னால் முதலில் காருக்கு இடம் பிரித்தார்கள். வாகன உரிமைச் சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியைத் தொடும் ஊரில் கார் வெயிலில் நிற்குமா? அதற்குக் கூரையும் ஓடு பதித்த தரையும் போட்டபிறகு மிஞ்சியது புல்லுக்கு.

மிஞ்சியதை அளந்து பாருங்கள், நாடாவை இழுத்துப் பிடிக்காமல். நான்கு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் என்று வையுங்கள். 40 செ.மீ. அகலம் வெட்டும் இயந்திரத்துக்கு இதில் பத்து நடை, மொத்தம் ஐம்பது மீட்டர். கடைக்காரர் சிபாரிசு செய்யும் 53 செ.மீ. பெரிய இயந்திரம் என்றால் எட்டு நடை, நாற்பது மீட்டர். அந்தப் பத்து மீட்டரை மிச்சப்படுத்தப் பல நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுக்கச் சம்மதிக்கும் இதே மனிதர்தான், விடிந்ததும் விடியாததுமாகப் பீஷான்-அங் மோ கியோ பூங்காவுக்குக் காரில் போய், அங்கே ஆற்றோரமாக மூன்று சுற்று நடந்துவிட்டு, கைக்கடிகாரத்தில் எத்தனை அடி என்று பார்ப்பவர். தானே உருளும் மாடல் வேறு இருக்கிறது, சக்கரத்தை மோட்டாரே ஓட்டும். நான்கு மீட்டர் முற்றத்தில் அது உங்களை வேலிச் செம்பருத்திக்குள் கொண்டுபோய் விடும்.

சரி, இயந்திரம் என்ன வகை? இந்தச் சாமான் பிறந்த கதை தெரிந்தால் கடைக்காரர் கொஞ்சம் மரியாதை கொடுப்பார். இங்கிலாந்தில் ஸ்ட்ரௌட் என்ற ஊரில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேல்பிசிறைச் சீவும் உருளையைப் பார்த்துவிட்டு அதையே புல்லுக்குத் திருப்பினார். இன்றும் உருளைக் கத்தி வகை அதே வேலையைத்தான் செய்கிறது, கத்தரிபோல் நறுக்கும். கத்தி தரைக்கு இணையாகச் சுழன்று வெட்டும் வகையை எல்லார் கைக்கும் எட்டவைத்தவர் சிட்னியில் இருந்த மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன். 1952இல் பீச்சுப் பழ டின் ஒன்றைப் பெட்ரோல் தொட்டியாக மாட்டி ஓட்டிக் காட்டினார். அதிலிருந்து விக்டா என்ற பிராண்டே பிறந்தது.

சிங்கப்பூரில் எங்கு பார்த்தாலும் இருப்பது அகன்ற இலையுள்ள மாட்டுப் புல். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து, நிழலிலும் பிழைத்து, தண்டைத் தரையோடு ஓடவிட்டுப் பரவும் பிடிவாதக்காரப் புல். அதற்குச் சுழல்கத்திதான் சரி. உருளைக் கத்தி அதன் தண்டில் சிக்கி முனகும். மணிலாப் புல் போன்ற மெல்லிய சாய்சியா வகை வைத்திருப்பவர்கள் உருளைக் கத்தி வாங்கலாம், ஆனால் வாராவாரம் வெட்டும் ஒழுக்கம் வேண்டும். எந்தப் புல்லானாலும் ஒரு தடவையில் இலையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மொட்டையடித்தால் அடுத்த தடவை வெட்டும் வேலை மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்களின் முற்றத்தில் கொஞ்ச நாளில் புல் இருக்காது, மண் இருக்கும்.

பெட்ரோலா, மின்சாரமா என்பது குடும்பத்தைப் பிரிக்கும் கேள்வி. பெட்ரோல் இயந்திரத்தில் ஒரு கம்பீரம் உண்டு, தெருவுக்கே கேட்கும். தொட்டி ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் பிடிக்கும். பழக்கதோஷத்தில் ஜோகூருக்குப் போய் நிரப்பி வரலாமா என்று யோசிக்காதீர்கள். சிங்கப்பூர் கார் எல்லையைத் தாண்டுமுன் முக்கால் டேங்க் இருக்கவேண்டும் என்பது 1991இலிருந்து சட்டம். தள்ளிக்கொண்டு போகும் புல்வெட்டிக்கு அது பொருந்துமா என்று உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் நின்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

பெட்ரோல் இயந்திரத்தோடு வரும் கையேட்டில் குளிர்காலத்துக்கு என்றே தனிப் பகுதி இருக்கும். இலையுதிர்காலம் முடிந்ததும் பெட்ரோலை வடித்து, வசந்தம் வரும்வரை கொட்டகையில் வையுங்கள் என்று சொல்லும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்த ஊரில் புல்லுக்கு விடுமுறையே இல்லை. ஆனால் அந்தப் பகுதியைக் கிழித்துப் போட்டுவிடவேண்டாம். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்துத் திரும்புகிறீர்கள் அல்லவா, அதுதான் உங்கள் இயந்திரத்தின் குளிர்காலம். கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் பிசுபிசுத்துத் துளையை அடைத்துக்கொள்ளும். திரும்பி வந்து கயிற்றை இழுப்பீர்கள், இருமும், நிற்கும்.

இங்கே ஒரு இரகசியம் சொல்லவேண்டும், கடைக்காரர்கள் மன்னிக்கட்டும். உங்கள் பழைய புல்வெட்டி பெரும்பாலும் சாகவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஸ்பார்க் பிளக்கை மாற்றி, காற்று வடிகட்டியைத் தட்டிச் சுத்தம் செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றினால் பாதிக்கு மேற்பட்டவை எழுந்து உட்காரும். வெட்டிய புல்லின் நுனி பழுப்பாகிறதே, நோயோ என்று உரம் வாங்க ஓடுகிறோம். மழுங்கிய கத்தி புல்லை வெட்டாமல் கிழிக்கிறது, அவ்வளவுதான். அரம் போட்டால் தீரும். ஒரு காலத்தில் இந்த மாதிரிப் பழைய பாகங்களைத் தேடிச் சுங்கை ரோடு சந்தைக்குப் போகலாம் என்று சொல்லியிருப்பேன். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அதையும் மூடிவிட்டார்கள். இப்போது ஜாலான் புசார் வட்டாரத்து ஹார்ட்வேர் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

மின்சார வகை என்றால் ஒயர் உள்ளதா, பேட்டரியா? ஒயரைத் தானே வெட்டிக்கொள்ளாத அளவுக்குக் கவனம் உள்ள குடும்பம் என்றால் ஒயர் போதும், முற்றம் ஐந்து மீட்டர்தானே. பேட்டரி வாங்கினால் வீட்டில் ஏற்கெனவே உள்ள டிரில்லுக்கும் அதே பேட்டரி பொருந்துமா என்று பாருங்கள். அமெரிக்காவில் இருக்கும் மைத்துனர் கப்பலில் அனுப்புகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே 120 வோல்ட், இங்கே 230. உலகமே பெட்ரோலை விட்டு நகர்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து கலிபோர்னியாவில் இத்தகைய புது பெட்ரோல் இயந்திரங்களை விற்பனைக்குத் தயாரிக்கவே தடை.

புல் சேரும் பையைக் கவனியுங்கள். வெட்டி முடித்ததும் அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்கவேண்டும். நிமிர்த்தி வைத்தால் மழைத்தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு குடிவரும், பின்னாலேயே தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரியும் வருவார்.

இயற்கை வழியில் போகலாமே என்பவர்களுக்கு முன்னுதாரணம் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் முதல் புல்வெட்டிகள் மாடுகள்தான். சிராங்கூன் சாலையோரம் மாட்டுப்பட்டிகள் இருந்த காலத்தின் மிச்சம்தான் பஃபலோ ரோடும் கெர்பாவ் ரோடும். பெலிலியோஸ் சாலைக்குப் பெயர் கொடுத்தவரே மாட்டு வியாபாரி. இப்போது பொங்கல் சமயத்தில் சில நாள் மாடுகளைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள், நாம் பிள்ளைகளோடு போய்ப் படம் எடுத்துக்கொள்கிறோம். அப்போது ஒன்றை அங் மோ கியோவுக்கு இரவல் கேட்டால் தருவார்களா என்பது உங்கள் பேச்சுத் திறமை.

இத்தனை விஷயத்தையும் யோசித்தவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தள்ளப்போவது யார்? கடையில் கைப்பிடியைப் பிடித்து உயரம் பார்த்தவர் சனிக்கிழமை முதுகுவலி என்பார். மகனுக்குத் தேர்வு. கடைசியில் பணிப்பெண்ணின் தலையில் விழும், அவருடைய உயரத்தை யாரும் அளக்கவில்லை. இல்லையென்றால் தோட்ட வேலைக்காரரைக் கூப்பிடுவீர்கள், அவர் தன் இயந்திரத்தோடு வருவார்.

இந்த ஊரின் உண்மையான புல்வெட்டி எது என்று 2020இல் எல்லாருக்கும் தெரிந்தது. கொவிட் கிருமிப் பரவலைத் தடுக்க வந்த சர்க்கிட் பிரேக்கர் ஏப்ரல் 7இல் தொடங்கி ஜூன் 1வரை நீடித்தது. புல் வெட்டும் வேலை நின்றது. ஊழியர்கள் பலர் தங்கும் விடுதிகளுக்குள் அடைந்து கிடந்தார்கள். சில வாரங்களில் சாலையோரமும் புளோக் ஓரமும் முழங்கால் உயரம். காட்டுப்பூ பூத்தது, வண்ணத்துப்பூச்சி வந்தது, புல்விதை கொத்தச் சில்லைகள் கூட்டமாய் இறங்கின. இப்படியே விட்டுவிடலாமே என்று கேட்டவர்களும் உண்டு, பாம்பு வரும் என்று பயந்தவர்களும் உண்டு. வேலை மீண்டதும் புல் பழைய உயரத்துக்கு வந்தது, நாமும் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

ஆகவே வாங்குமுன் ஒரு நிபுணரைக் கேளுங்கள். உங்கள் புளோக்கின் கீழேயே இருப்பார். முதுகில் இயந்திரம், முகத்தில் கண்ணாடித் தடுப்பு, காலில் உறை, பக்கத்தில் கல் தெறிக்காமல் வலைத் தடுப்பைப் பிடித்தபடி கூட்டாளி. அவர் புதுக்கோட்டைப் பக்கமாகவோ பட்டுக்கோட்டைப் பக்கமாகவோ இருக்க நல்ல வாய்ப்புண்டு. இயந்திரத்தை நிறுத்தித் தண்ணீர் குடிக்கும் நேரம் பார்த்துப் பேசுங்கள். “தம்பி, வீட்டுக்குப் புதுசா மெஷின் வாங்கலாம்னு இருக்கேன், எது நல்லது?” என்று கேட்டால், “எவ்ளோ புல்லு இருக்கு சார்?” என்பார். நாலுக்கு அஞ்சு என்று சொல்லிப் பாருங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அதுக்கு எதுக்கு சார் மெஷினு, கத்தரி போதும்” என்பார்.

என் தீர்ப்பும் அதுவே. கத்தரி கௌரவக் குறைவாகப் பட்டால் பழையதைப் பழுது பாருங்கள். அதுவும் முடியாதென்றால் ஒயர் உள்ள, 33 செ.மீ. சுழல்கத்தி ஒன்று வாங்கி, கத்தியை மேல்மட்டத்தில் வைத்து, புல் காய்ந்திருக்கும் நேரத்தில் வெட்டுங்கள். வேலிக்கு வெளியே உள்ள புல்லைத் தொடாதீர்கள், அது அரசாங்கத்தினுடையது. மாடியில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: கீழே அவர்கள் வேலை செய்யும்போது சேவை பற்றிக் குறை சொல்லவோ செல்லப்பிராணியை நடத்தவோ கிட்டே போகாதீர்கள். அந்த இயந்திரத்துக்கும் உங்களுக்கும் பதினைந்து மீட்டர் இடைவெளி இருக்கட்டும். கல் தெறித்தால் கண் போய்விடும்.