சந்தனக் கலர் சீட் சம்பந்தமாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
கார் கடனில் பாதிக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் ஒரு குடும்பஸ்தன், சென்னை.

பெறுநர்:
உயர்திரு தலைமை அதிகாரி அவர்கள், உள்ளலங்காரப் பிரிவு, கார் கம்பெனி.
(கம்பெனியின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. எந்தக் கம்பெனி உறையைப் பிரித்தாலும் தனக்கே வந்ததாக எடுத்துக்கொள்ளலாம்.)

பொருள்: சீட், சீட் கவர், பெல்ட், தொடுதிரை, சன்ரூஃப் ஆகியவற்றால் குடும்பத்துக்கு ஏற்படும் மன உளைச்சல் – தொடர்பாக.

ஐயா,

தங்கள் காரில் எஞ்சின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, மைலேஜ் என்று சொன்னதில் முக்கால்வாசி கிடைக்கிறது. அவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எஞ்சினுக்கும் டிக்கிக்கும் நடுவே, மனிதர்கள் உட்காரட்டும் என்று தாங்கள் ஒதுக்கியிருக்கும் இடத்தைப் பற்றித்தான் இந்த விண்ணப்பம்.

சீட்டுகள் சந்தன நிறத்தில் இருக்கின்றன. ஷோரூம் வெளிச்சத்தில் கல்யாண வரவேற்பு மேடைபோல ஜொலித்தன. "பிரீமியம் ஃபீல் சார்" என்றார் விற்பனைப் பிரதிநிதி. வண்டி வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரே ஒரு சந்தேகம்: இந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்த அதிகாரி என்றைக்காவது ஒரு தமிழ்க் குடும்பத்தோடு காரில் கோயிலுக்குப் போய்வந்திருக்கிறாரா? பின்சீட்டில் திருநீறும் குங்குமமும் வரும். தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் வரும், அதன் நெய் முந்திக்கொண்டு வரும். பையனின் புது ஜீன்ஸ் வியர்வையில் நனைந்து, தன் நீலச் சாயத்தைச் சீட்டுக்குத் தானமாகக் கொடுத்துவிட்டு இறங்கும். அந்தச் சாயம் மேலுறைக்குள் இறங்கிவிட்டால் பிறகு எந்த சோப்புக்கும் கட்டுப்படாது. "கறை பட்டவுடன் மென்மையான சோப்பும் ஈரத் துணியும் கொண்டு துடைக்கவும்" என்கிற மாதிரி தங்கள் கையேடு அறிவுரை சொல்கிறது. சரி, துடைக்கிறோம். அதற்காகத் திண்டிவனம் தாண்டி நெடுஞ்சாலையில் வண்டியை ஓரம்கட்டித் துடைக்கச் சொல்கிறீர்களா?

எங்கள் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தால் தலையணைப் பகுதியில் வட்டமாக ஒரு எண்ணெய்த் தடம் விழும். அவரைக் குறை சொல்ல முடியாது. எண்ணெய் வைக்காத தலையோடு அவர் வாசல்படி தாண்டியதில்லை. இந்தப் பிரச்சினைக்கு நம் அரசாங்கம் அம்பாசடர் காலத்திலேயே தீர்வு கண்டுவிட்டது. பெரிய அதிகாரிகளின் காரில் சீட்டின் மேல் வெள்ளை டர்க்கி டவல் விரித்திருக்குமே, அதேதான். பதவியின் அடையாளம் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. அது எண்ணெய்த் தலைக்கு எதிரான பொறியியல் ஏற்பாடு ஐயா. அழுக்கானால் உருவித் துவைத்துக் கொடியில் போடலாம். தாங்கள் இத்தனை லட்சத்துக்கு விற்ற சீட்டில் உருவித் துவைக்கிற மாதிரி ஒரு துண்டுத் துணிகூட இல்லை.

அடுத்தது சீட் கவர். இங்கேதான் தங்கள் கம்பெனியின் உள்விவகாரம் எனக்குப் பிடிபடவில்லை. முன்சீட்டின் முதுகில், கதவுப் பக்கத் தையலோரம் 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணிச்சீட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பக்கவாட்டு ஏர்பேக் அதற்குள் மடிந்து கிடக்கிறது. பக்கவாட்டில் இன்னொரு வண்டி வந்து மோதினால், அந்தத் தையலைக் கிழித்துக்கொண்டு கண் இமைப்பதற்குள் வெளியே வந்தாக வேண்டும். அதன்மேல் கெட்டியான கவரை இழுத்து மாட்டினால் பை எங்கே விரிவது? ஆகவே, கண்ட கவரைப் போடாதீர்கள் என்று கையேடு எச்சரிக்கிறது. மிக்க மகிழ்ச்சி. ஆனால் நான் வண்டியை எடுத்த அதே ஷோரூமில், சாவி கைக்கு வருவதற்கு முன்னால், ஆக்சஸரி கவுண்ட்டரில் இருந்த தம்பி என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "சார், ஆர்ட் லெதர் கவர் போட்டுடலாமா? ஃப்ளோர் மேட் ஃப்ரீ." பக்கவாட்டுத் தையல் பிரியும்படி தைத்த கவரா என்று திருப்பிக் கேட்டேன். இதுவரை யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஒரே கூரையின் கீழ் இரண்டு மதங்களை நடத்துகிறீர்கள் ஐயா. கையேடு போடாதே என்கிறது, கவுண்ட்டர் போடு என்கிறது. இரண்டில் எது தங்கள் அதிகாரபூர்வ நிலைப்பாடு?

காற்றோட்ட சீட் என்று ஒன்றும் விற்கிறீர்கள். சீட்டுக்குள் சின்ன ஃபேன், மேலுறையில் பொடிப்பொடியாய் ஓட்டை, முதுகுக்கு ஜிலுஜிலு. சென்னைக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு கிடையாது. என் நண்பர் ஒருவர் அதற்காகவே உயர்ந்த மாடலை வாங்கினார். வாங்கிய மறுநாள், சீட் அழுக்காகிவிடுமே என்று மொத்தமாய்க் கவர் போட்டுவிட்டார். இப்போது ஃபேன் உள்ளே தனக்குத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. இன்னும் சிலர் கம்பெனியில் வந்த பிளாஸ்டிக் உறையையே பிரிப்பதில்லை. தாங்கள் கொடுத்த நிறத்தைப் பார்த்தபின் அவர்களைப் பழமைவாதிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கவரின் உண்மையான வேலை பின்சீட்டில் நடக்கிறது. கவர் மாட்டுகிறவர் துணியை இழுத்து இடுக்கில் செருகும்போது பெல்ட்டின் கொக்கிகளையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடுகிறார். நாக்கு இருக்கும், கொக்கி இருக்காது. பின்சீட்டிலும் பெல்ட் போட வேண்டும் என்பது புதுச் சட்டமில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 138-வது விதி நெடுங்காலமாகச் சொல்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 1,000 ரூபாய். ஆனாலும் 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் அருகே நடந்த விபத்தில், பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தார் என்ற செய்தி வந்த பிறகுதான் நாடு முழுக்கப் பின்சீட்டு இடுக்கில் கைவிட்டுத் தேடினார்கள். கொக்கி கிடைத்ததோ இல்லையோ, தொலைந்துபோன சில்லறையும் ஒரு பேனா மூடியும் நிச்சயம் கிடைத்திருக்கும். கொக்கியைச் சீட்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும்படி வைக்க என்ன தடை? முன்சீட்டில் நிற்கிறதே! பின்சீட்டில் உட்காருகிறவர்கள் கார் வாங்கும் முடிவை எடுப்பதில்லை என்பது காரணமாக இருந்தால், எங்கள் வீட்டு நிலவரம் தங்களுக்குத் தெரியவில்லை.

முன்சீட்டுக் கதை வேறு. 2019 ஜூலை முதல் டிரைவரும் பக்கத்தில் இருப்பவரும் பெல்ட் போடாவிட்டால் வண்டி கத்த வேண்டும் என்று விதி வந்தது. எடையை வைத்து ஆள் இருப்பதாகக் கணக்குப் போடுகிறது. ஆகவே ரேஷன் கடையிலிருந்து அரிசி மூட்டையை முன்சீட்டில் ஏற்றினால் கத்துகிறது. மூட்டைக்குப் பெல்ட் மாட்டினால்தான் வாயை மூடுகிறது. எங்கள் தெருவில் அரிசி பெல்ட்டோடு வருகிறது, அத்தை பெல்ட் இல்லாமல் பின்னால் வருகிறார். இந்தச் சத்தத்தை அடக்க, பெல்ட்டே இல்லாமல் கொக்கிக்குள் செருகும் போலி நாக்குகளை ஆன்லைனில் விற்றார்கள். 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஐந்து இணைய வணிக நிறுவனங்களிலிருந்து 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பதிவுகளை நீக்கவைத்தது. உயிரைக் காக்கும் சாதனத்தை ஏமாற்றக் காசு கொடுத்து ஒரு சாதனம் வாங்குகிற எங்கள் திறமையைத் தங்கள் வடிவமைப்பாளர்கள் இனியும் குறைத்து மதிப்பிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

டாஷ்போர்டுப் பிள்ளையார் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பயணி பக்கத்து ஏர்பேக் வெடித்து விரிகிற மூடியின் நட்டநடுவே, இரட்டைப் பசை டேப்பில், வெண்கலப் பிள்ளையார் எழுந்தருளியிருக்கிறார். பை விரிந்தால் அவர் நேராக முன்சீட்டுக்காரரின் நெற்றிக்கு அருள்பாலிக்க வருவார். அவரை அப்புறப்படுத்தச் சொல்லி அம்மாவிடம் பேச எனக்குத் தைரியமில்லை. தங்களால் முடியும். மூடியை விட்டுத் தள்ளி, தூணோரமாக, ஒரு சின்ன மாடம் வைத்துக் கொடுங்கள். கண்ணாடி டம்ளர் வைக்க நாலு பள்ளம் கொடுத்த கம்பெனி, சாமிக்கு ஒரு மேடை தரவில்லை.

ஏசியைக் கூட்ட முன்பெல்லாம் திருகு இருந்தது. சாலையைப் பார்த்துக்கொண்டே கை தானாகப் போய்த் திருகும். இப்போது திரையைத் தொட்டு, ஒரு படம் விரிந்து, அதற்குள் இன்னொன்றைத் தொட்டு முடிப்பதற்குள் முன்னால் போகிற ஷேர் ஆட்டோ நின்றுவிடுகிறது. ஐரோப்பாவின் மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்கு அழுத்தக்கூடிய நிஜமான பொத்தான்கள் இருக்க வேண்டும் என்று 2026 மதிப்பீட்டில் எதிர்பார்க்கிறது. ஐரோப்பியருக்கே திரை சலித்துவிட்டது. திரையைச் சுற்றிப் பளபளவென்று கறுப்புப் பிளாஸ்டிக் வேறு வைத்திருக்கிறீர்கள். காலையில் துடைத்தால் மத்தியானத்துக்குள் அதில் விரலால் கோலம் போடலாம். காய்ந்த துணியால் துடைத்தால் கீறல், துடைக்காவிட்டால் தூசி.

2022-ல் பி.எம்.டபிள்யூ சில நாடுகளில் சூடாகும் சீட்டுக்கு மாதச் சந்தா கேட்டு, உலகமே கொதித்த பிறகு 2023-ல் அதைக் கைவிட்டது. எங்களுக்கு அந்தப் பயமில்லை. சீட்டைச் சூடாக்கும் வேலையைச் சென்னை வெயில் சந்தா இல்லாமலே செய்கிறது. விளையாட்டில்லை. வெயிலில் நிறுத்திய காரின் உள்வெப்பம் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் ஏறுகிறது, அதில் பெரும்பகுதி முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது, கண்ணாடியை லேசாக இறக்கிவைப்பதால் பெரிய மாற்றம் இல்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-லேயே அளந்து சொன்னார்கள். குழந்தையைக் காரில் விட்டுவிட்டு "ரெண்டு நிமிஷம்" என்று கடைக்குள் போகிறவர்களுக்கு இது எட்ட வேண்டும். கையேட்டில் எங்கோ நடுவில் இருக்கிறது. ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடியிலேயே தமிழில் ஒட்டிக் கொடுத்திருக்கலாம்.

இந்த வெயிலுக்குத்தான் கூரையில் ஜன்னல் வைத்து விற்கிறீர்கள். எங்கள் தெருவில் புங்கை மரங்கள். கோடையில் பூ கொட்டினால் ரோடு வெள்ளையாகிவிடும். சன்ரூஃப் ஓரத்துக் கால்வாயில் விழும் மழைநீர், மூலைகளில் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக வண்டிக்கு அடியில் இறங்க வேண்டும். அந்தக் குழாயைப் புங்கைப்பூ அடைத்துக்கொண்டால், தண்ணீர் கூரைத் துணியில் ஊறித் தூண் வழியாகக் கால்மிதிக்கு வரும். அங்கே கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பாஞ்ச் அதைப் பத்திரமாகச் சேமித்து வைக்கும். முன்சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஒயர் இணைப்பு தெரியுமே, அது ஏர்பேக்குக்குப் போகிறது. ஈரம் அதுவரை போனால் டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும், வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிடுமே என்று பயந்து, வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். கார்பெட்டுக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை.

கடைசியாகக் கையேடு. அது கிளவ் பாக்ஸில் பிரிக்காத பாலிதீன் பையில், இன்ஷூரன்ஸ் நகலுக்கும் தீர்ந்துபோன டோல் ரசீதுகளுக்கும் அடியில் இருக்கிறது. பல வண்டிகளில் அந்தக் கிளவ் பாக்ஸைக் கழற்றினால் பின்னால் ஏசி ஃபில்டர் இருக்கும். அதையும் யாரும் திறந்ததில்லை, சில வீடுகளில் எலி திறந்திருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கூப்பிடு தூரத்தில் கார் செய்கிறீர்கள். ஆனால் எனக்குத் தந்த புத்தகம் நானூறு பக்க ஆங்கிலம். பனியில் சங்கிலி மாட்டுவது எப்படி என்று அதில் இருக்கிறது. பெல்ட், ஏர்பேக், கவர், குழாய், ஃபில்டர் ஆகிய ஐந்தையும் பற்றித் தமிழில் எட்டுப் பக்கம் போதும். அடுத்த மாடலில் சீட்டுத் துணி ஜிப் வைத்து உருவித் துவைக்கிற மாதிரி, புளிக்குழம்பு நிறத்தில் வந்தால் மெத்த உபகாரம்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வாடிக்கையாளர்.

நகல்: ஆக்சஸரி கவுண்ட்டர் தம்பிக்கு, தகவலுக்காக. ஃப்ளோர் மேட் இன்னும் வந்து சேரவில்லை.