வராத பாகத்தின் இலக்கணம்

காத்திருப்போர் எனப்படுவோர், பல பாகங்களாக வெளிவரும் மிகைபுனைவு நாவல் வரிசை ஒன்றில் கடைசியாக வந்த பாகத்தைப் படித்து முடித்துவிட்டு, அடுத்தது கைக்கு வராத நிலையில் கூடி வாழ்பவர்கள். இந்த வரையறையில் 'கூடி' என்பது விடமுடியாத சொல். தனியே காத்திருப்பவர் வெறும் வாசகர். இன்னொருவரைப் பார்த்து "எப்போது வரும்?" என்று கேட்ட நொடியில்தான் அவர் இந்த இனத்தில் சேர்கிறார். எதிரில் இருப்பவருக்கும் விடை தெரியாது என்பது கேட்பவருக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதைப் போல, அது உறவை உறுதிசெய்யும் சொல்.

இந்த இனத்தை ஆராய ஏற்ற களம் அமெரிக்க எழுத்தாளர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசை. காத்திருப்பின் எல்லாப் பருவங்களும் அங்கே முற்றி விளைந்திருக்கின்றன. முதல் பாகம் 1996இல் வந்தது, இரண்டாவது 1998இல், மூன்றாவது 2000இல். இந்த இரண்டாண்டுச் சீர் வாசகரிடம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியது. பின்னால் வந்த துன்பங்களுக்கெல்லாம் வித்து அதுதான். நான்காம் பாகம் 2005இல் வந்தது. எழுதியது அளவுமீறிப் போனதால் கதைமாந்தரில் ஒரு பகுதியினரை மட்டும் வைத்து அதை அச்சிட்டார்கள். மற்றவர்கள் அடுத்த பாகத்தில், கூடுமானால் அடுத்த ஆண்டே, வந்துவிடுவார்கள் என்ற நம்பிக்கையை ஆசிரியரே நூலின் முடிவில் குறிப்பாக எழுதியிருந்தார். அவர்கள் 2011 ஜூலை 12 அன்று வந்து சேர்ந்தார்கள். ஆறாம் பாகமான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' இன்னும் வரவில்லை. 2023 ஜூலையோடு இந்த இடைவெளி, மூணாற்று மலைகளில் பூக்கும் நீலக்குறிஞ்சியின் 12 ஆண்டுச் சுழற்சியைத் தாண்டிவிட்டது. குறிஞ்சி தேதி எதையும் அறிவிப்பதில்லை, ஆனால் பூத்துவிடுகிறது.

பொருளிலக்கணம் படித்தவருக்கு இந்த நிலை புதிதல்ல. முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். கார்காலத்தில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போர்வினைக்குப் போன தலைவனை எண்ணித் தலைவி ஆற்றியிருக்கிறாள். மழை வந்துவிடுகிறது, கொன்றை பூத்துவிடுகிறது, அவன் வரவில்லை. அப்போது தோழி குறுக்கிட்டு, இது கார்காலமே இல்லை, பருவம் தப்பிப் பெய்த மழை, மரங்கள் ஏமாந்து பூத்துவிட்டன என்று சாதிப்பாள். 'பருவம் அன்று என வற்புறுத்தல்' என்று உரைகாரர்கள் இதைக் குறிப்பார்கள். ஒவ்வொரு காத்திருப்போர் குழுவிலும் இந்தத் தோழி ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் மூன்றாம் பாகத்துக்கு முன்பே சேர்ந்த மூத்தவர். 2015 அக்டோபர் முடிவு என்று குறித்த கெடு தவறியது. அந்த ஆண்டின் முடிவு என்று தள்ளிவைத்த கெடுவும் தவறியது. நூல் முடியவில்லை என்று 2016 ஜனவரி 2 அன்று ஆசிரியரே அறிவித்தார். இளையவர்கள் நெய்தல் திணைக்குத் தாவி இரங்கத் தொடங்கிய அந்த நேரத்தில் மூத்தவர் அசையவில்லை. ஆசிரியர் சொன்னது தேதியல்ல, ஆசை. ஆசைக்குக் கெடு கிடையாது என்பது அவருடைய உரை.

கெடு குறிப்பதை ஆசிரியரே பிறகு வேடிக்கையாக்கிப் பார்த்தார். 2020இல் நியூசிலாந்தில் நடக்கவிருந்த உலக அறிவியல் புனைவு மாநாட்டுக்குக் கையில் நூலோடு வந்து சேராவிட்டால், அந்நாட்டின் வெள்ளைத் தீவு எரிமலையில் கந்தக அமில ஏரியைப் பார்த்த ஒரு குடிலில், எழுதி முடிக்கும்வரை தம்மை அடைத்து வைக்கலாம் என்று 2019 மே மாதத்தில் அனுமதி வழங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் அந்த எரிமலை வெடித்து 22 பேர் இறந்தனர். வேடிக்கைக்கு அதன்பின் இடமில்லாமல் போயிற்று. மாநாடு கொரோனாவால் இணையவழியில் நடந்தது. நூல் எந்த வழியிலும் வரவில்லை.

தேதிகள் பொய்த்தபின் இத்துறை பக்கக் கணக்குக்கு மாறியது. கைப்பிரதியில் ஏறத்தாழ 1,100 பக்கம் ஆகியிருப்பதாக 2022இல் ஆசிரியர் தெரிவித்தார். 2023இலும் 1,100 என்றார். காத்திருப்பியலில் இன்றுவரை கிடைத்திருக்கும் ஒரே மாறிலி இந்த எண்தான்.

தாமதத்தின் காரணங்கள் பற்றி ஆசிரியர் ஒளிவுமறைவு வைத்ததில்லை. எழுத்தாளர்களில் கட்டடக் கலைஞர், தோட்டக்காரர் என்று இரு சாதி உண்டு என்றும் தாம் இரண்டாம் சாதி என்றும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். முன்னவர் வரைபடம் போட்டபின் கட்டுவார். பின்னவர் விதையை ஊன்றித் தண்ணீர் விட்டு என்ன முளைக்கிறதென்று பார்ப்பார். மூன்று பாகம் என்று திட்டமிட்ட கதை ஏழு பாகமானது இந்தத் தண்ணீரால்தான். நான்காம் பாகத்துக்குமுன் கதையை ஐந்தாண்டு முன்னே தள்ளிவிட நினைத்து, எழுதிப் பார்த்து, சரிப்படாமல் எழுதியதையே கைவிட்டார். ஐந்தாம் பாகத்தில் மீரீன் என்ற நகரத்துக்குப் பல கதைமாந்தர் பல திசையிலிருந்து கிளம்பிவிட்டார்கள். யார் முதலில் போய்ச் சேர்வது என்பது பெரும் சிக்கலாகி, 'மீரீன் முடிச்சு' என்று பெயரும் பெற்றது. கிழட்டு வீரர் பாரிஸ்டனின் கண்வழியாகச் சில அத்தியாயங்களைப் புதிதாகச் சேர்த்தபின்தான் அது அவிழ்ந்தது. ஆனால் காத்திருப்போரிடம் காரணம் கேட்டால் முடிச்சைச் சொல்லமாட்டார்கள், வேர்ட்ஸ்டாரைச் சொல்வார்கள். இணையத் தொடர்பில்லாத பழைய டாஸ் கணினியில் வேர்ட்ஸ்டார் 4.0 கொண்டே கதை எழுதுவதாக ஆசிரியர் 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் சொல்லியிருந்தார். மென்பொருளை மாற்றினால் கதை வேகமாக வரும் என்று நம்புவது, விறகடுப்பை மாற்றினால் சமைக்கத் தெரிந்துவிடும் என்று நம்புவதற்கு ஒப்பானது. எனினும் இந்த நம்பிக்கை பரவலாக உண்டு.

இருத்தல் என்றால் சும்மா இருத்தல் என்று கொள்ளக்கூடாது. காத்திருப்போரின் முழுநேரத் தொழில் உரை எழுதுவது. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், பாட்டில் எங்கோ தொலைவில் கிடக்கும் சொல்லை இழுத்துவந்து இன்னொரு சொல்லோடு சேர்த்துப் பொருள் சொல்லுவார். 'மாட்டு' என்று அதற்குப் பெயர். வலிந்து பொருள் கொள்கிறார் என்று பிற்காலப் புலவர் அவரைக் குறை சொன்னதும் உண்டு. அவர் மாட்டியது சில நூறு அடிகளுக்குள். மார்ட்டினின் ஐந்து பாகங்கள் 17 லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் கொண்டவை. முதல் பாகத்தில் வரும் ஒரு கனவை ஐந்தாம் பாகத்தின் விருந்தோடு மாட்டுவது அங்கே தினசரி வேலை.

அந்த விருந்தையே சான்றாகக் கொள்ளலாம். ஐந்தாம் பாகத்தில் ஃப்ரே குடும்பத்து ஆடவர் மூவர் வழியில் காணாமற் போகிறார்கள். அவர்கள் கடைசியாக விருந்தாளிகளாக இருந்தது மாண்டர்லி பிரபுவின் கோட்டையில். பிறகு ஒரு திருமண விருந்துக்கு மாண்டர்லி, மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட மூன்று பெரிய பண்டங்களைக் கொண்டுவந்து, தாமே வெட்டிப் பரிமாறி, தாமும் ரசித்துச் சாப்பிடுகிறார். விருந்தாளியைக் கறியாக்கிப் போட்ட ஒரு சமையற்காரனின் கதைப்பாட்டைப் பாடச் சொல்லிப் பாணனையும் கேட்கிறார். மூன்று பேர், மூன்று பண்டம். அதற்குமேல் நூல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததைக் கண்டதில் உரையாசிரியர்களுக்கு இருக்கும் பெருமிதம் நியாயமானதே. நல்ல உரை இப்படித்தான் இருக்கும். இதே முறையில், ஒற்றர் தலைவர் வேரிஸ் உண்மையில் ஒரு கடல்மனிதர் என்ற உரையும் எழுந்தது. அவர் நீண்ட அங்கி அணிகிறார், காலை யாரும் பார்த்ததில்லை என்பன சான்றுகள். நல்ல உரைக்கும் இதற்கும் வேறுபாடு அளவில் மட்டும்தான் என்பதை இத்துறை தயங்கியே ஒப்புக்கொள்கிறது.

இருத்தல் முற்றினால் ஊடல். இங்கே திணை மருதமாகிறது. மருதத்தில் தலைவி ஊடுவது தலைவன் வேறிடம் போய்வந்தான் என்பதற்காக. இங்கேயும் அதே குற்றச்சாட்டு, சான்றோடு. ஆசிரியர் 2013இல் சாந்தா ஃபே நகரில் பழைய திரையரங்கு ஒன்றை வாங்கினார். 2018இல் அதே கதையுலகின் முன்வரலாற்றைத் தனி நூலாக வெளியிட்டார். 2020இல் இருவரோடு சேர்ந்து ஒரு ரயில் நிறுவனத்தை வாங்கினார். 2022இல் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டுக்குக் கதைப்பின்னணி எழுதிக்கொடுத்தார். அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறார். கால்பந்துதான் எல்லாவற்றிலும் மன்னிக்க முடியாததாகக் கருதப்படுகிறது. ரயிலாவது எங்காவது போய்ச் சேரும். ஐந்தாம் பாகத்துக்கு முன்பே இந்த ஊடற்கட்சிக்கு, ஆசிரியரின் முதலெழுத்துகளை முணுமுணுப்பு என்னும் பொருளுள்ள ஆங்கிலச் சொல்லுக்குள் நுழைத்து ஒரு பட்டப்பெயரும் உண்டாகிவிட்டது. கதை முடியுமுன் அவர் இறந்துவிடுவாரோ என்று வாய்விட்டுக் கவலைப்பட்டவர்களுக்கு, 2014இல் ஒரு சுவிஸ் நாளிதழின் பேட்டியில் அவர் நடுவிரலைக் காட்டிப் பதில் சொன்னார். பொருளிலக்கணத்தில் இதற்குத் துறை இல்லை.

ஊடலை மூட்டிவிடப் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருவரும் உண்டு. அவர் பெயர் பிராண்டன் சாண்டர்சன். எழுதிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நூலும் எத்தனை விழுக்காடு முடிந்தது என்பதைப் பட்டைகளாக வரைந்து வாசகருக்குக் காட்டுபவர். 2022 மார்ச்சில், பெருந்தொற்றுக் காலத்தில் யாருக்கும் சொல்லாமல் நான்கு நாவல்கள் கூடுதலாக எழுதிவிட்டதாக அறிவித்தார். அவற்றை வெளியிட வாசகர்கள் முன்கூட்டியே கொடுத்த தொகை 4 கோடி டாலரைத் தாண்டியது. மற்ற வரிசைகளின் வாசகர்கள் இந்தச் செய்தியைக் கேட்டபோது அடைந்த உணர்வு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த அன்று எந்த வீட்டிலும் கேட்கக்கூடியது.

ஏனைய வகைகளை விரைவாகக் கடக்கலாம். ஹாரி பாட்டர் வாசகர்கள் நான்காம் பாகம் வந்த 2000 ஜூலைக்கும் ஐந்தாம் பாகம் வந்த 2003 ஜூனுக்கும் இடைப்பட்ட காலத்தை 'மூன்றாண்டுக் கோடை' என்று இன்றும் பெருமூச்சோடு குறிப்பிடுகிறார்கள். மார்ட்டின் வாசகர்முன் இதைச் சொல்லாதிருப்பது நலம். டோல்கீனின் இரண்டாம் பாகம் 1954 நவம்பரில், நாயகன் எதிரிகளிடம் சிக்கிய இடத்தில் முடிந்தது. மூன்றாவது, பின்னிணைப்புகள் எழுதி முடியாததால், 1955 அக்டோபரில்தான் வந்தது. ஸ்டீபன் கிங்கின் 'டார்க் டவர்' வரிசையின் மூன்றாம் பாகம் 1991இல் ஒரு விடுகதைப் போட்டியின் நடுவே நின்றுவிட, நான்காவது 1997இல் வந்தது. கரடிபொம்மையைச் சங்கிலியால் கட்டிப் படம்பிடித்து, அடுத்த பாகம் உடனே வராவிட்டால் கரடி சாகும் என்று யாரோ மிரட்டல் அனுப்பியதாகக் கிங்கே எழுதியிருக்கிறார். கடைசிப் பாகம் 2004இல் வந்தது.

வரிசை முழுவதும் முடியாமல் முதல் பாகத்தைத் தொடமாட்டேன் என்று ஒதுங்கி நிற்பவர்களும் உண்டு. இவர்கள் தங்களை அறிவாளிகளாகக் கருதுகிறார்கள். முதல் பாகம் விற்காத வரிசையைப் பதிப்பகம் தொடர்வதில்லை என்பதால், இவர்கள் பெருகப் பெருக முடிந்த வரிசைகள் குறையும்.

காத்திருப்பு முடிவுக்கு வரும் வழிகளில் நூல் வருவது ஒன்று. அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வேறொருவர் முந்திக்கொள்வது இன்னொன்று. மார்ட்டினின் கதை 2011 ஏப்ரலில் தொலைக்காட்சித் தொடராகி, 2016இல் நூல்களைத் தாண்டி ஓடி, 2019 மே மாதத்தில் 73ஆம் பகுதியோடு முடிந்தது. கதையின் முக்கிய மாந்தரில் ஒருவனான ஜான் ஸ்னோவின் பெற்றோர் யார் என்று 1990களிலேயே வாசகர் கண்டுபிடித்துச் சமன்பாடாகவே எழுதிவைத்திருந்த விடையை, தொலைக்காட்சி 2016இல் உறுதிசெய்தது. நூல் இன்னும் உறுதிசெய்யவில்லை. ஆக, அந்த விடை சரி என்பது உலகம் முழுவதற்கும் தெரியும், மூலநூலுக்கு மட்டும் தெரியாது. தொடரின் முடிவு பிடிக்காமல் கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுக்கக் கோரி 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டதில் காத்திருப்புக்கு மறுவாழ்வு கிடைத்தது: நூலில் சரியாக வரும்.

ஆசிரியர் மறைந்து, மற்றொருவர் முடிப்பது மூன்றாவது வழி. 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையை 1990இல் தொடங்கிய ராபர்ட் ஜோர்டான், 2007 செப்டம்பரில் இறந்தார். விட்டுப்போன குறிப்புகளைக் கொண்டு கதையை முடிக்க, அவருடைய மனைவியும் பதிப்பாசிரியருமான ஹேரியட் மெக்டூகல் தேர்ந்தெடுத்தது, மேலே சொன்ன அதே பக்கத்து வீட்டுப் பிள்ளையைத்தான். ஒரே நூலில் முடிவதாக இருந்த மிச்சக்கதை மூன்று நூலாகி 2013இல் நிறைவுற்றது. இந்த வரிசையின் ஐந்தாம் பாகத்தில், 1993இல், அஸ்மோடியன் என்பவன் ஒரு கதவைத் திறந்து, யாரையோ அடையாளம் கண்டு, சாகிறான். கொன்றவர் யார் என்பது சொல்லப்படவில்லை. வாசகர்கள் சந்தேகத்துக்குரியோர் பட்டியலிட்டு, காலஅட்டவணை போட்டு, 17 ஆண்டு வழக்காடினார்கள். 2010இல் வந்த பாகத்தில் விடை வெளியானது. கதையில் அல்ல, நூலின் கடைசியில் உள்ள சொல்லடைவில், கொலையாளியின் பெயருக்கு எதிரே, போகிறபோக்கில்.

மார்ட்டின் வரிசையில் ஆறாவதற்குப் பின் 'எ டிரீம் ஆஃப் ஸ்பிரிங்' என்றொரு ஏழாம் பாகமும் உண்டு. அதற்கான காத்திருப்பு இன்னும் முறைப்படி தொடங்கவில்லை.