லிட்டர் 45,000 ரூபாய்

ஜோசியக்காரர்கள் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். எங்கள் சித்தப்பா கையைக் கவிழ்த்துப் பார்ப்பார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே, "வாம்மா, கையைக் காட்டு" என்பார். நீட்டினால் விரல் விரலாகப் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நகமும் தோலும் சேரும் இடத்தை உற்றுப் பார்த்து, "ம்ச்" என்பார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் டாக்டர்கள்கூட அப்படி ஒரு "ம்ச்" கொட்டி என்னைக் கலக்கியதில்லை. சௌக்கியம் விசாரிப்பதும் காபியும் அதற்குப் பிறகுதான்.

இவர் இருப்பது நங்கநல்லூரில். ஆனால் நீங்கள் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் உங்களுக்கு இவரைத் தெரியும். கடையில் விற்கிற எதைப் பார்த்தாலும் "இதுல என்ன பெரிசா இருக்கு, வீட்டுலயே பண்ணிடலாமே" என்கிற ஓர் இனம் உண்டே, அந்த இனம். பல்பொடி, பினாயில், சிகைக்காய்த்தூள், கொசுவை விரட்ட வேப்பெண்ணெயில் கரைத்த கற்பூரம் என்று காலத்துக்கு ஒரு மோகம் வந்து போகும். இவர்களைக் கஞ்சர்கள் என்று தப்பாக எடைபோட்டுவிடக் கூடாது. கஞ்சன் வாங்காமல் இருந்துவிடுவான். விஷயம் அதோடு முடிந்தது. இவர்கள் 100 ரூபாய்ப் பொருளை வாங்காமல் இருப்பதற்காக மனமுவந்து 1,000 ரூபாய் செலவழிப்பார்கள்.

சித்தப்பா வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வட்ட டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்திருப்பார்களே, அதில் விரலைத் தொட்டுத் தொட்டு ஆயுளில் பாதியை நோட்டு எண்ணியே கழித்தார். நகம் நனைவதும் காய்வதுமாகவே இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அவருடைய வலது கட்டைவிரல்தான் சாட்சி. நுனியில் அடுக்கடுக்காகப் பிளந்து, பரோட்டா மாதிரி இருக்கும். ஆனாலும் அந்த நாளில் அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதில்லை. கவலை வந்தது மகள் கல்யாணத்தின்போது.

பியூட்டி பார்லர் பெண் கொடுத்த பட்டியலில் 'கியூட்டிக்கிள் ஆயில், 10 மில்லி, 450 ரூபாய்' என்று ஒரு வரி. சித்தப்பா அதன்மேல் விரலை வைத்தார். வைத்த விரல் நடுங்கியது.

"அப்போ லிட்டர் 45,000 ரூபாய்!"

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தபோதுகூட மனிதர் அப்படி அதிரவில்லை. எதையும் லிட்டருக்கோ கிலோவுக்கோ மாற்றாமல் அவருக்கு விலை புரியாது. உதட்டுச்சாயத்தைக் கிலோக் கணக்கில் போட்டுப் பார்த்த அன்று இரவு அவர் தூங்கவில்லை. குங்குமப்பூ பற்றி நாங்கள் யாரும் அவர் முன்னால் வாய் திறப்பதில்லை.

"அது என்னங்க, நகக்கண்ணுக்கு எண்ணெய்?" என்று சித்தி கேட்டாள். கேட்டிருக்கக் கூடாது. அடுத்த வாரம் முழுவதும் வீட்டில் அதுதான் பாடம். நகத்தின் அடிவாரத்தில் மெல்லிசாகச் செத்த தோல் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் தச்சர் வைக்கும் மக்கு மாதிரி அது. தண்ணீரும் கிருமியும் இடுக்கில் நுழையாமல் அடைத்து நிற்கும். அதைக் கடித்தோ பிய்த்தோ எடுத்தால் நகச்சுற்று வந்து, எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலுக்குத் தொப்பி மாட்டிக்கொண்டு திரிய வேண்டியதுதான். இந்த மக்கு காய்ந்து வெடிக்காமல் இருக்கத்தான் எண்ணெய். இதுவரை அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. இந்த இனத்தாரின் கஷ்டமே அதுதான். பாதி தூரம் சரியாகவே போவார்கள்.

பழவந்தாங்கலில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போனார். கைத்தள்ளுவண்டிகளுக்கு நடுவில் கடை கடையாக ஏறி இறங்கினார். ஜொஜோபா என்று எழுதினாலும் ஹோஹோபா என்றுதான் சொல்ல வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடைப் பையனிடம் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு "ஹோஹோபா இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். பெரியவர் எதற்கோ சிரிக்கிறார் என்று நினைத்துப் பையனும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறான். மூன்று கடை தாண்டித்தான் கிடைத்தது. வீட்டுக்கு வந்து விசாரித்தால், அது எண்ணெயே இல்லையாம். வேதியியல் கணக்கில் திரவ மெழுகாம். ஏமாந்துவிட்டோமோ என்று ஒரு மணி நேரம் முகம் வாடியிருந்தார். மெழுகாக இருப்பதால்தான் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது என்று தெரிந்ததும், அதை முன்பே தெரிந்து வாங்கியவர் போல் ஆகிவிட்டார்.

எண்ணெய் கிடைத்துவிட்டது, ஊற்றிவைக்கப் புட்டி வேண்டுமே! மூடியிலேயே தூரிகை உள்ள குட்டிக் கண்ணாடிப் புட்டிதான் வசதி என்று கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட புட்டியில் ஏற்கெனவே விற்கிற பொருள் ஒன்றே ஒன்றுதான். நரைத்த மீசையும் திருநீறுமாக ஒரு மனிதர் மாடி மாடியாக ஏறி, கதவைத் தட்டி, "காலி நெயில்பாலிஷ் பாட்டில் இருக்காம்மா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் ஒரு வாரம் கதவில் சங்கிலி போட்டபடியே அவரிடம் பேசினார்கள்.

முதல் தயாரிப்பு விளக்கெண்ணெய். பிசுக்கென்றால் அப்படி ஒரு பிசுக்கு. தூரிகை உள்ளே போயிற்று, வெளியே வர மறுத்தது. தவிர, புட்டியைச் சரியாகக் கழுவாததால் எண்ணெய் ரோஸ் நிறத்தில் இருந்தது. "அழகா இருக்குல்ல?" என்றார். இரண்டாவது தேங்காயெண்ணெய். அது 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பது குளிர்காலத்தில் தலைக்கு எண்ணெய் வைத்த எல்லாருக்கும் தெரியும். மார்கழி பஜனைக்குப் போகும் அவசரத்தில், உறைந்த புட்டியைக் கக்கத்தில் வைத்து இளக்கிக்கொண்டிருந்த சித்தப்பாவை நானே பார்த்திருக்கிறேன்.

மூன்றாவதில்தான் சித்தியின் வாக்கு மீறப்பட்டது. மருதாணி இலையைப் பறித்து பாதாம் எண்ணெயில் ஊறப்போட்டு, மொட்டை மாடி வெயிலில் வைத்தார். "இலையைப் போட்டா அடுப்பில ஏத்திக் காய்ச்சணும். சடசடப்பு அடங்குற வரைக்கும் விடணும். இல்லேன்னா பூசணம் பிடிக்கும்" என்றாள் சித்தி. காலம் காலமாகத் தைலம் காய்ச்சுகிறவர்கள் காதால் பார்க்கும் பதம் அது. இலையில் உள்ள தண்ணீர் வெளியேறும் வரைதான் எண்ணெய் சத்தம் போடும். "சூடு பண்ணா சத்து போயிடும்" என்று சித்தப்பா கைப்பேசியைக் காட்டினார். பத்தாம் நாள் எண்ணெயின்மேல் வெள்ளைத் தாடி முளைத்திருந்தது. சத்து போகவில்லை என்பது மட்டும் தெரிந்தது. பூசணத்துக்கு நல்ல சத்து.

நான்காவது தேறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பாதாம் எண்ணெய் மூன்று பங்கு, ஹோஹோபா ஒரு பங்கு, வைட்டமின் இ மாத்திரை ஒன்று. ஊக்கால் குத்தியபோது மாத்திரை நேராகக் கண்ணாடியில் பீய்ச்சியது. அதனால் மொத்தம் இரண்டு மாத்திரை. வாசனைக்கு லாவெண்டர் எண்ணெய், 10 மில்லிக்கு இரண்டு சொட்டு. 10 மில்லி என்பது சுமார் 200 சொட்டு, அதில் இரண்டு என்றால் 1 சதவீதம் என்று வட்டிக் கணக்குப் போல் விளக்குவார். முன்பு ஒருமுறை கை தாராளமாகி 20 சொட்டு விட்டு, அவர் மகள் விரலை ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது பேரேட்டில் இல்லை.

ஆமாம், பேரேடு உண்டு. நீள நோட்டு, சிவப்புக் கோடு, தயாரித்த தேதி, புட்டி எண், பெற்றுக்கொண்டவர் கையெழுத்து. எனக்குக் கொடுத்தது 'நக-4, புட்டி 11'. கையெழுத்துப் போட்ட பிறகுதான் கையில் கொடுத்தார். நகம் கடிக்கும் இரண்டாவது மாடிப் பையனுக்கு வேப்பெண்ணெய் கலந்து தனியாக 'நக-4 கசப்பு'. பையன் இரண்டு நாள் கடிக்கவில்லை. மூன்றாம் நாள் கால் நகத்துக்கு மாறிவிட்டதாக அவன் அம்மா வந்து சொன்னாள்.

அடக்க விலை புட்டிக்கு 38 ரூபாய் என்று கடைசிப் பத்தியில் எழுதியிருந்தது. ரயில், பூசணம் பிடித்த எண்ணெய், ஓட்டை விழுந்த புடவை, ரசம் வைக்க லாயக்கில்லாமல் போன ஈயச் சொம்பு எல்லாம் 'இதர' என்ற தலைப்பில் வேறு பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கத்தைக் கூட்டிப் போட்டிருக்கவில்லை. காசாளர்!

எண்ணெய் நகத்தை வளர்க்குமா என்று பரிசோதிக்க ஆடி மாதம் வந்தது. சித்தி பத்து விரலுக்கும் மருதாணி வைத்தாள். மருதாணி தோலிலிருந்து போய்விடும், நகத்திலிருந்து போகாது. நகம் வளர்ந்து தள்ளினால்தான் போகும். இதைவிட நல்ல அளவுகோல் ஏது? இடது கைக்கு மட்டும் தினம் இரண்டு வேளை எண்ணெய், வலது கைக்குக் கிடையாது. இரண்டு மாதம் கழித்து ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கை நகம் மாதம் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும். இரண்டு கையிலும் சிவப்பு, அடியிலிருந்து 6 மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. கூட இல்லை, குறைய இல்லை. நகம் தயாராவது தோலுக்கு அடியில். வெளியே தெரிகிறது உயிரில்லாத ஓடு. அதன்மேல் எண்ணெய் ஊற்றினால் ஈரம் ஓடிப்போகாமல் கொஞ்சம் காக்கும், அவ்வளவுதான் என்று நான் மெதுவாகச் சொன்னேன். சித்தப்பா யோசித்தார்.

"வலது கைக்கும் ஊறிப் போயிருக்கும்" என்றார்.

நியாயமாகச் சொல்கிறேன், புட்டி 11 எனக்கு உதவியது. நகத்தோரத்தில் புடவை நூலை இழுக்கும் செதில்கள் எனக்கு இப்போது இல்லை. மாடியில் பலரும் அதையே சொன்னார்கள். கேட்காத ஒரே ஆள் சித்தி. அவள் நகங்கள் உடைந்து, ஓரம் வெடித்து, 'ம்ச்' கொட்டக்கூட முடியாத நிலையில் இருந்தன. "ஊருக்கே கேட்குது, இவளுக்குத்தான் கேட்கலை" என்று சித்தப்பா மனம் நொந்தார். நொந்தபடியே, எண்ணெய் வழியும் புனல், கரண்டி, கிண்ணம், இட்லிப் பானை எல்லாவற்றையும் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டார். நான்கு தயாரிப்பின் பிசுக்கையும் சோப்பும் பச்சை நாருமாகத் தேய்த்தது யார் என்று பேரேட்டில் பத்தி இல்லை.

பிறகு மகளின் பிரசவத்துக்காகச் சித்தி மூன்று மாதம் பெங்களூரு போனாள். அங்கே பாத்திரம் கழுவ மெஷின் இருந்தது. திரும்பி வந்தவள் கையைப் பார்த்தேன். பத்து நகமும் பளிங்கு. "பாத்தியா, நக-4!" என்று சித்தப்பா சோபாவிலிருந்தே குரல் கொடுத்தார். சித்தியின் புட்டி ஃபிரிட்ஜுக்கு மேல், சீல் பிரிக்காமல், தூசி படிந்து நின்றது. நானும் பார்த்தேன், சித்தியும் பார்த்தாள். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அன்று அவர் என்னிடம் கையைக் காட்டச் சொல்லவில்லை என்பது காபி வந்த பிறகுதான் உறைத்தது. டம்ளரைக்கூட எடுக்காமல், இரண்டு கையையும் வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா, கையைக் காட்டுங்க."

"காபி ஆறிடும், குடி."

"காட்டுங்க."

மெதுவாக எடுத்து நீட்டினார். மூன்று மாதம் தனியாகச் சமைத்து, தனியாகத் தேய்த்த கை. முன்பு ஒரு பரோட்டா இருந்தது, இப்போது பத்து.

"பாத்திரம் தேய்க்கும்போது ரப்பர் கையுறை போட்டுக்கணும் சித்தப்பா. கடையில ஒரு ஜோடி 150 ரூபாய்தான்."

அவர் கண்கள் மேலே மின்விசிறிக்குப் போயின. உதடு அசைந்தது.

"ஒரு ஜோடி எத்தனை கிராம் இருக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை.

"மார்த்தாண்டம் பக்கம் நமக்கு யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா? அங்கதானே ரப்பர் தோட்டம்?"

சித்தி எழுந்து உள்ளே போய், இட்லிப் பானையைத் தூக்கிப் பரணில் வைத்தாள்.