ரயிலில் ஜெபிக்கலாமா?

கேள்வி: கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டரில் பிரிக்பீல்ட்ஸ் வேலைக்குப் போகிறேன். ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. ரயிலிலேயே ஜெபித்தால் கணக்கில் சேருமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: தாராளமாகச் சேரும், சகோதரி. அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொன்னார் இயேசு (மத்தேயு 6). கொமுட்டரில் கண்ணை மூடுங்கள், அதுதான் உங்கள் கதவு. ஷா ஆலம், சுபாங் ஜெயா என்று நிலையத்துக்கு ஒருவரை நினைத்து வேண்டிக்கொண்டே வரலாம். கேஎல் சென்ட்ரலில் மட்டும் மறக்காமல் கண்ணைத் திறங்கள்! ஜெபத்தின் மறுபாதியான இரக்கம், நீங்கள் அங்கே இறங்கி நடக்கும் தெருவில்தான் காத்திருக்கிறது.

1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக்கோலோடு நடப்பவர்களுக்கு நடைபாதையின் புடைப்பான மஞ்சள் தடம்தான் வழிகாட்டி. அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலிருப்பதே பெரிய இரக்கம். எனக்கு இதில் சமரசமே கிடையாது. உதவப் போனால், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். எரிகோவில் பார்வையற்ற பர்திமேயுவிடம் இயேசுவே முதலில், உனக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்டார் (மாற்கு 10). நீங்களும் கேளுங்கள். சரி என்றால் உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளட்டும்; நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி வழிவிடுங்கள். மாலை ரயிலில் அவருக்காகவும் ஒரு நிலையம் ஒதுக்குங்கள்.